திரைச்சீலையும் துண்டும்

போன மாதம் ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மதுக்கடைக் காட்சி ஒன்றில் இரண்டு பெயரடைகள் வழிமறித்தன. அங்கே தொங்கும் திரைச்சீலை ‘டாட்ரி’. அதனடியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் ‘மாட்லின்’. முதலாவது மட்டமான பகட்டைச் சொல்வது. இரண்டாவது, அதிலும் குடித்துவிட்டு, அசட்டுத்தனமாக உருகி அழுவதைச் சொல்வது. வேரைத் தேடினால் இரண்டுமே புனிதப் பெண்களின் பெயர்கள்!

ஆட்ரி 7ஆம் நூற்றாண்டு அரசி. இயற்பெயர் ஏதல்த்ரித். அரண்மனையை விட்டு வந்து, 673இல் இங்கிலாந்தின் ஈலியில் மடம் நிறுவினார். 679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளவயதில் ஆசையாகக் கழுத்தணி பூண்டதற்குக் கிடைத்த தண்டனை என்று அவரே சொன்னதாக பீட் என்ற துறவி எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பெயரால் கூடிய சந்தையில் என்ன விற்றார்கள் தெரியுமா? கழுத்தில் கட்டும் பட்டு நாடா! ‘செயின்ட் ஆட்ரி’யை வேகமாகச் சொல்லச் சொல்ல, ‘செயின்ட்’டின் கடைசி மெய்மேல் ஆகாரம் ஏறிக்கொண்டது. பள்ளியில் படித்த அதே புணர்ச்சிதான். பிரித்தபோது மெய் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை, ‘டாட்ரி’ பிறந்தது. ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில், வாங்கித் தருவதாகச் சொன்ன டாட்ரி நாடா எங்கே என்று ஓர் இடைப்பெண் கேட்கிறாள். அதுவரை அது ஆசைப்படும் பொருள்தான். மலிவுச் சரக்கு பெருகிய பிறகுதான் பெயர் கெட்டது.

மாட்லின் வேறு யாருமல்ல, மகதலேனா மரியாள். இயேசுவின் கல்லறை வாசலில் அழுதவர். இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெயரில்லாப் பெண்ணும் இவரே என்று 591இல் போப் கிரெகோரி சொல்லிவிட, ஓவியர்கள் இவரை ஓயாமல் அழவைத்தார்கள். 1592இல் தாமஸ் நாஷ் என்ற ஆங்கில எழுத்தாளர் குடிகாரர்களை வகைபிரித்தார்: குரங்கு, சிங்கம், பன்றி, செம்மறி, ஐந்தாவதாக மாட்லின். பன்றிக்கும் செம்மறிக்கும் அடுத்த இடமா? எனக்கு மனசே ஆறவில்லை.

திரைச்சீலைக்கு ‘ஜிகினா’ என்று போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கிழவர்தான் பிடிகொடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் செத்துப்போன காளையை நினைத்து அழுவார். பக்கத்திலிருப்பவர் துண்டில்தான் மூக்கைச் சிந்துவார். அவரை நினைத்துக்கொண்டு பெயரடையையே விட்டுவிட்டேன். ‘கிழவர் பக்கத்து ஆளின் துண்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்’ என்று எழுதி அனுப்பினேன்.

பத்திரிகை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். மூலத்தில் துண்டே இல்லையாம்.