கிடங்கில் கிடந்த மார்த்தாண்டவர்மா

ஜூலை 6, சனி

சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா'வை ஒருவழியாக முடித்தேன். 1891-ல் வந்த நாவல். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் ஒரு மாதம் இழுத்துவிட்டது. கதை நடப்பது நம்ம பக்கம்தான். தக்கலை அருகே சாரோட்டு அரண்மனையிலிருந்து தப்பும் திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்டவர்மாவைப் பலாமரப் பொந்தில் ஒளியச் சொல்கிறான், பைத்தியம்போல் திரியும் ஒருவன்.

ஜூலை 7, ஞாயிறு

அதே கதையை 1933-ல் மௌனப்படமாக எடுத்திருக்கிறார்கள். தயாரித்தவர் நாகர்கோவில் சுந்தர்ராஜ், இயக்கியவர் பி.வி. ராவ். இன்று கம்ப்யூட்டரில் போட்டதும் அம்மா, "சத்தம் வைக்கலையா?" என்றாள். இல்லாத சத்தத்தை எங்கே வைக்க!

நடுநடுவே எழுத்து அட்டைகள், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும். சில வரிகள் நாவலிலிருந்து அப்படியே எடுத்தவை. ஆனாலும் புத்தகத்தில் சுபத்திரை என்கிற பெண் பேசியே ஆளை மடக்குகிறாள். படத்தில் அந்த நாக்கு இல்லை, கண்ணும் கையும்தான். எனக்குப் போதவில்லை. படம் எடுத்த காலத்துத் திருவிதாங்கூர் ராஜா சித்திரைத் திருநாளின் நிஜ ஊர்வலக் காட்சி வரும்போது மட்டும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

படத்தின் கதை படத்தைவிட நன்றாக இருக்கிறது. நாவலின் உரிமை கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அனுமதி வாங்கவில்லை என்று வழக்கு. திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் கொஞ்ச நாள்தான் ஓடியது, அப்புறம் பிரதி பறிமுதல். சுந்தர்ராஜுக்குப் போட்ட பணம் போனது.

பிரதி அந்தப் பதிப்பகத்தாரிடமே கிடந்திருக்கிறது. 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிக்கொண்டது. சுந்தர்ராஜின் உறவினர் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற மௌனப்படம் இதற்கும் முந்தியது. அதன்மேல் யாரும் வழக்குப் போடவில்லை, யாரும் பூட்டியும் வைக்கவில்லை. இன்று அதில் ஒரு சுருள்கூட இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். மார்த்தாண்டவர்மா ஒளிந்ததாகச் சொல்லும் பலாமரம், அம்மச்சிப் பிலாவு, அங்கேதான். மரம் பட்டுப்போய், அடிமரம் மட்டும் நிற்கிறது. நாவல் சொல்லும் மரம் இதுதானா என்று அங்கே போய் யாரிடம் கேட்பது? அம்மா பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்குள்ள ஒரு ஆளு எவ்வளவு நேரம்தான் மூச்சு விடாம இருப்பான்?"

சரி, பசிக்கிறது என்று கிளம்பிவிட்டோம்.