கத்தரிக்கோலும் பால்வெட்டுக் கத்தியும்

1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு, அதாவது சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். 80 வயதைத் தாண்டியவர்கள். கைப்பேசியில் அவர்களைப் பதிவு செய்யக் கிளம்பும் தம்பி தங்கைகள், நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை பற்றி 1985இல் வந்த ‘ஷோவா’ ஆவணப்படத்தில் ஒரு காட்சியையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

பிரெஞ்சு இயக்குநர் குளோத் லான்ஸ்மான் 11 ஆண்டு உழைத்து எடுத்த, 9 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அது. பிணக்குவியலைக் காட்டும் பழைய படச்சுருள் ஒரு துண்டுகூடக் கிடையாது. உயிர் தப்பிய யூதர்கள், பக்கத்தில் வாழ்ந்த போலந்துக்காரர்கள், முன்னாள் நாஜிகள் ஆகியோரின் முகமும் குரலும், புல் மூடிய முகாம் நிலமும்தான்.

ஆப்ரகாம் போம்பா, போலந்தில் நாஜிகள் நடத்திய ட்ரெப்ளிங்கா கொலை முகாமில் விஷவாயு அறைக்குள் பெண்களின் முடியை வெட்ட வைக்கப்பட்டவர். லான்ஸ்மான் அவருக்காக இஸ்ரேலில் முடிதிருத்தும் கடையொன்றை வாடகைக்கு எடுத்தார். ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே போம்பா பேசுகிறார். கேள்விகள் எல்லாம் சின்னவை: கண்ணாடி இருந்ததா? எப்படி வெட்டினீர்கள், செய்து காட்டுங்கள்.

அதுபோல நீங்கள் பதிவு செய்யும் பாட்டியின் கையிலும் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தியைக் கொடுங்கள். ‘சயாமப் பத்திச் சொல்லுங்க பாட்டி’ என்று தொடங்கினால், பலமுறை சொல்லிப் பழகிய நாலு வரிதான் வரும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) எத்தனாவது வீடு, லாரி எங்கே நின்றது, அன்று என்ன சமையல் என்று கேளுங்கள். பழைய புகைப்படத்தைக் கடைசியில் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் படத்தில் இருப்பதை மட்டும் விவரிப்பார்.

போம்பா ஓரிடத்தில் பேச முடியாமல் நின்றுவிடுகிறார். வேண்டாம் என்கிறார்; லான்ஸ்மான் விடவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டி போதும் என்றால் நிறுத்திவிடுங்கள். சும்மா மௌனமாக இருந்தால் பதிவு ஓடட்டும், அடுத்த கேள்வியை அவசரமாகப் போடாதீர்கள். அந்த மௌனத்தை எடிட்டிங்கில் வெட்டிவிட்டுப் புல்லாங்குழல் சேர்ப்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு.

லான்ஸ்மான் மொழிபெயர்ப்பாளரின் குரலையும் படத்தில் விட்டுவைத்தார். பாட்டி தெலுங்கில் பேசினால், பேத்தி தமிழில் சொல்வதும் அப்படியே இருக்கட்டும்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது. மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், அதனால் காலையிலேயே போங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். யாரும் பேசாத அறையின் சத்தத்தை 30 விநாடி தனியாக எடுத்துக்கொண்டால் எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும்.

முழுப் பதிவையும் வெட்டாமல் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் குடும்பத்திடம் கொடுங்கள். ‘ஷோவா’வில் சேராத 200 மணி நேரத்துக்கும் மேலான பதிவு வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து லான்ஸ்மான் பின்னாளில் தனிப் படங்களே எடுத்தார்.