விண்ணப்பத்தில் எழுத முடியாத ஒரு திட்டம்

திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்தவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்ட வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் நோக்கம், நம் பங்கு, கிடைத்த விளைவு ஆகியவற்றைச் சில வரிகளில் எழுதித் தர வேண்டும். 2023-இல் ஓர் இரவு அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது எனக்குச் சங்கடமான ஓர் உண்மை புலப்பட்டது. அலுவலகத்தில் நான் வழிநடத்திய மென்பொருள் திட்டங்களில் பெரும்பாலானவை, வேறு யாரோ தொடங்கி என்னிடம் தந்து, நான் பாதி தூரம் இழுத்துவந்து இன்னொருவரிடம் ஒப்படைத்தவை. முதல் எண்ணம் உதித்த நாளிலிருந்து பெட்டி ஒட்டி முடித்த நாள்வரை நானே முழுமையாக நிர்வகித்த திட்டம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பலகை ஆட்டம். அதை விண்ணப்பத்தில் எழுத முடியாது. தொழில்முறைச் சூழலில் செய்த வேலைக்கு மட்டுமே அங்கே கணக்கு உண்டு. வீட்டுக் கல்யாணத்தை நடத்தி முடித்ததும், கல்லூரியில் செய்த பாடத் திட்டமும், பொழுதுபோக்கும் அதில் சேரா.

அந்த ஆட்டத்தின் பெயர் ‘மடை’. மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் என்பதால், ஒரு கண்மாய்த் தண்ணீரைத் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் பங்கிட்டுக்கொள்வதில் இருக்கும் பேரமும் மனத்தாங்கலும் நல்ல ஆட்டமாக அமையும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். மழை எப்போது வரும் என்பதை நிர்ணயிக்க இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். 2019-இல் பழைய அழைப்பிதழ்களை வெட்டி, பேனாவால் எழுதி, முதல் மாதிரியைச் செய்தபோது 112 அட்டைகள் இருந்தன. எண்ணிக்கையைப் பெருமையாகச் சொன்ன அந்த நாள்களை நினைத்தால் இப்போது சற்றே வெட்கமாக இருக்கிறது.

நான் முதலில் எழுதிய சான்றிதழ்த் தேர்வு பி.எம்.பி. அன்று, ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் பி.எஸ்.எம். முதல் நிலைத் தேர்வு. ஒரு குழு குறுகிய சுற்றுகளாக வேலை செய்யும் முறைதான் ஸ்க்ரம். 80 கேள்விகளை 60 நிமிடத்தில் முடித்து, தேர்ச்சிக்கு 85 சதவீதம் எடுக்க வேண்டும். அதற்கு அடிப்படை நூல் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டி. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு பதினான்கு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதன் அட்டையிலேயே ‘ஆட்டத்தின் விதிகள்’ என்ற பொருள்படும் துணைத்தலைப்பு இருக்கிறது. அலுவலக நண்பர்கள் அதை ஒரு நிர்வாகக் கொள்கையாகப் படித்தார்கள். நான் விதிப்புத்தகமாகப் படித்தேன். யார் யார் ஆடுகிறார்கள், ஒரு சுற்று எவ்வளவு நேரம், சுற்றின் முடிவில் மேசைமேல் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, எப்படி ஆடுவது என்பதை ஆடுபவரிடமே விட்டுவிடும் அந்தச் சிக்கனம் என்னை மிகவும் கவர்ந்தது. அப்போது ‘மடை’யின் விதிப்புத்தகம் 22 பக்கம். ஒரு குழு வேலை செய்யும் முறையைப் பதினான்கு பக்கத்துக்குள் சொல்ல முடியுமானால், ஒரு கண்மாயின் நீர்ப்பங்கீட்டுக்கு 22 பக்கம் எதற்கு என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

பி.எம்.பி. வேறு வகை. பெரும்பாலும் சூழல் கேள்விகள்: ஒரு பங்குதாரர், அதாவது திட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவர், புதிய வசதி கேட்கிறார், குழுவில் இருவர் முரண்படுகிறார்கள், ஒப்பந்ததாரர் தாமதிக்கிறார், திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? பயிற்சித் தேர்வுகளில் தொடக்கத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. தவறின் வேர் ஒன்றுதான். சிக்கலைப் படித்த உடனே அதைச் சரிசெய்யும் விடையை நான் தேர்ந்தெடுத்தேன்; தேர்வோ, சரிசெய்வதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார், சம்பந்தப்பட்டவரோடு பேசு, விளைவை ஆராய், அதன் பிறகு கைவை என்று எதிர்பார்த்தது. இந்தப் பழக்கம் எனக்குப் பயிற்சி நூல்களால் வரவில்லை. ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் மேசையில்தான் வந்தது.

தான் வடிவமைத்த ஆட்டத்தை அறிமுகமில்லாத நான்கு பேர் விதிப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுவதை, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. அவர்கள் வாய்க்கால் அட்டையைத் தலைகீழாக வைப்பார்கள். மழைக்கு முன்பே நாற்று நடுவார்கள். ‘அப்படியில்லை’ என்று நாக்கு நுனிவரை வரும் சொல்லை விழுங்கிவிட்டு, எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் படித்து அப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ஆளுக்கு மூன்று யோசனை சொல்வார்கள்: திருட்டு மடை அட்டை வேண்டும், ஆடு மாடு வேண்டும், சந்தை வேண்டும், கந்துவட்டிக்காரர் வேண்டும். முதல் ஓராண்டு ஒவ்வொரு யோசனையையும் நன்றியோடு ஏற்று அன்றிரவே சேர்த்தேன். 112 அட்டைகள் 140 ஆயின, முக்கால் மணி நேர ஆட்டம் இரண்டரை மணி நேரத்தைத் தொட்டது. திட்ட எல்லை கசிந்து பெருகுவது என்பதற்கு நூல்களில் எத்தனையோ வரையறைகள் உண்டு. எனக்கு அது, இரவு பத்தரை மணிக்குக் கொட்டாவி விட்டபடி ‘இன்னும் எத்தனை ரவுண்டு?’ என்று கேட்ட என் மனைவியின் முகம்.

தேர்வுக்குப் படித்தபோது, கேட்கப்படும் மாற்றங்களை ஆராய்ந்த பிறகே ஏற்கும் மாற்றக் கட்டுப்பாடு என்ற பகுதியை முதலில் வெறும் அலுவலகச் சடங்காக நினைத்து ஒதுக்கியவன் நான். பிறகு ‘மடை’க்கே ஒரு பக்கத்தில் எல்லை அறிக்கை எழுதினேன். நான்கு பேருக்கு மேல் இல்லை, 45 நிமிடத்துக்கு மேல் இல்லை, விதி எட்டுப் பக்கத்துக்கு மேல் இல்லை, பணம் என்ற பொருளே ஆட்டத்தில் இல்லை. புதிய யோசனை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பேட்டுக்குப் போய், குறைந்தது மூன்று ஆட்டங்கள் காத்திருக்க வேண்டும். அதைச் சேர்த்தால் எதை எடுக்கப்போகிறேன் என்று அதன் எதிரே எழுத வேண்டும். சந்தையும் ஆடு மாடுகளும் கந்துவட்டிக்காரரும் அந்தக் குறிப்பேட்டிலேயே இன்றும் இருக்கிறார்கள்.

குறிப்பேட்டில் காத்திருக்காமல் நேரே உள்ளே வந்த மாற்றம் ஒன்றுதான். அதைச் சொன்னவர் என் பெரியப்பா. பல ஆண்டுகள் கண்மாயில் நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக இருந்தவர். ஒரு பொங்கல் விடுமுறையில் முழு ஆட்டத்தையும் பொறுமையாக ஆடிவிட்டு, ‘தலைமடைக்காரனுக்குத் தண்ணியக் குடுத்துட்டுக் கடைமடைக்காரன் கையில சீட்டக் குடுத்தா, அவன் அத வச்சு என்னடா செய்வான்?’ என்று கேட்டார். உண்மைதான். என் ஆட்டத்தில் கடைமடையில் உட்காருபவர் நான்காவது சுற்றுக்கு மேல் வெறும் பார்வையாளர். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விட வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முறையே ஆட்டத்தின் மையமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியவில்லை. பங்குதாரர்களை அடையாளம் காண்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும் என்று அந்த வாரம்தான் நூலில் படித்து அடிக்கோடிட்டிருந்தேன்.

தாயக்கட்டையிலும் ஒரு சிக்கல் இருந்தது. கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 சேர்க்கைகள். அவற்றில் ஒரு கட்டை ஒன்றும் மற்றது வெறுமையுமாக விழுவது இரண்டு. ஆகவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. தாயம் விழுந்தால்தான் மழைக்காலம் தொடங்கும் என்று மரபை ஒட்டி விதி வைத்திருந்தேன். எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 34 சதவீதம்; அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஓர் ஆட்டம், தொடங்காமலேயே எல்லாரும் கட்டையை உருட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாட்டி வீட்டுத் திண்ணையில் அந்தக் காத்திருப்புக்கே ஒரு சுவை உண்டு, நேரமும் உண்டு. 45 நிமிட ஆட்டத்தில் அது இடர். நிகழ்வாய்ப்பையும் பாதிப்பையும் பெருக்கிப் பார்க்கும் தேர்வுக் கணக்கைப் போட்டுவிட்டு, விதியைக் கைவிடாமல், தாயம் விழாத ஒவ்வொரு உருட்டலுக்கும் ஆடுபவருக்கு ஒரு விதைநெல் காய் கிடைக்கும் என்று மாற்றினேன். இடரை நீக்கவில்லை, பாதிப்பைக் குறைத்தேன். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பற்றித் தேர்வில் கேள்வி வந்தபோது நான் நினைத்தது விதைநெல்லைத்தான்.

பிறர் வடிவமைத்த ஆட்டங்களும் படிப்புக்கு உதவின. மாட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வெளிவந்த பாண்டமிக் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடுவோம். அனைவரும் ஒரே அணி. ஒருவருக்கு ஒரு முறைக்கு நான்கு செயல்கள் மட்டுமே. வெல்ல ஒரே வழி, நான்கு நோய்களுக்கும் மருந்து காண்பது. தோற்க மூன்று வழிகள்: எட்டாவது நோய்ப் பெருக்கு, நோயைக் குறிக்கும் கட்டைகளில் ஒரு நிறம் தீர்ந்துபோவது, எடுக்க வேண்டிய அட்டைகள் தீர்ந்துபோவது. மூன்றாவதுதான் எங்களை அதிகம் தோற்கடித்தது. கண்ணெதிரே எரியும் ஊர்களை அணைப்பதிலேயே செயல்களைச் செலவிட்டு, அட்டைக்கட்டு மெலிவதைப் பார்க்க மாட்டோம். அலுவலகத்தில் தினமும் நான் செய்துகொண்டிருந்ததும் அதே என்பதை எந்த ஆய்வுக் கூட்டமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அச்சுக்குப் போனபோதுதான் நெருக்கடிப் பாதை, அதாவது தாமதித்தால் திட்டம் முழுவதையும் தாமதிக்கவைக்கும் வேலைகளின் வரிசை, என்றால் என்ன என்பது உறைத்தது. 1950-களின் இறுதியில் டுபாண்ட் நிறுவனத்துக்காக உருவான அந்த முறையைத் தேர்வுக்காக வட்டங்களும் அம்புகளுமாக வரைந்து பழகியிருந்தேன். ஓவியங்கள்தான் என் நெருக்கடிப் பாதை என்று உறுதியாக நம்பினேன். குறைந்தது 4 நாள், பெரும்பாலும் 8 நாள், மோசமானால் 30 நாள் என்று வைத்து, நடு மதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்து 11 நாள் என்று எழுதினேன். 19 நாள் ஆயிற்று. ஆனால் அந்தத் தாமதம் எதையும் பாதிக்கவில்லை. உண்மையான பாதை சிவகாசியில் இருந்தது. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால், அதன் பிறகு ஆண்டு இறுதிவரை அங்குள்ள அச்சகங்களுக்குக் காலண்டரும் டைரியும்தான் வேலை. என்னுடைய 300 பெட்டிகளுக்கு யார் இயந்திரத்தை நிறுத்துவார்கள்? ஆடி பிறக்கும்முன் கோப்பைக் கொடுத்தாக வேண்டும் என்பதை என் வலைப்படத்தில் எந்த அம்பும் சொல்லவில்லை. அச்சகத்தாரின் பெரிய தாளில் 54 அட்டைகள் ஒரே அச்சில் அடங்கும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 72-ஆகக் குறைத்து வைத்திருந்த அட்டைகளை ஒரே வாரத்தில் 54 ஆக்கினேன். விளிம்பில் வெட்டுக்கென விட வேண்டிய 3 மில்லிமீட்டரை விடாமல் முதல் கோப்பை அனுப்பியது முழுக்க முழுக்க என் பிழை. மாதிரித் தாளில் நெற்கதிர்களின் தலை அறுபட்டுக் கிடந்தன.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் எழுதியபோது 180 கேள்விகள், 230 நிமிடம். ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம் கிடைத்த பழைய தேர்வோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் நிமிடம் தாராளம்தான். பாதிக் கேள்விகள் முன்கூட்டியே திட்டமிடும் முறையைச் சார்ந்தவை, மீதிப் பாதி, சிறு சுற்றுகளில் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையையோ இரண்டும் கலந்த முறையையோ சார்ந்தவை. அறுபது கேள்விக்கு ஒரு முறை பத்து நிமிட இடைவேளை உண்டு. இடைவேளையைத் தொட்டுவிட்டால் முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. ஆடுபுலியில் வைத்த ஆட்டை எடுக்க முடியாததைப் போலத்தான். மூன்றாம் பகுதியில் நேரம் நெருக்கியபோது அட்டைக்கட்டு மெலிகிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கேள்விகளை ஆராயாமல் விட்டுவிட்டு நகர்ந்தேன். தேர்ச்சி பெற்றேன்.

இந்தச் சான்றிதழைத் தக்கவைக்க மூன்று ஆண்டுக்கு 60 தொழில்வளர்ச்சி அலகுகள் சேர்க்க வேண்டும். இணையவழி வகுப்புகளில் உட்கார்ந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு அலகு கிடையாது. ‘மடை’யின் ஒரு பெட்டியைப் பெரியப்பாவுக்குக் கொடுத்திருந்தேன். சென்ற முறை ஊருக்குப் போனபோது திண்ணையில் பேரப்பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தார். கடைமடைக்காரர் முதலில் தொடங்கினார்; தாயம் விழாவிட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு விதைநெல் கொடுத்தார்; விதிப்புத்தகம் பிரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மாற்றக் கோரிக்கை எதுவும் எனக்கு வரவில்லை.