நாலடி இறவாரம்
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அப்பா வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் சின்ன வீடு கட்டலாம் என்றானபோது எனக்கு ஒரே ஆசைதான். பின்னால் நிற்கும் கித்தா (ரப்பர்) மரங்களும் அதற்கப்பால் இருக்கும் சுண்ணாம்புக் குன்றும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே தெரிய வேண்டும். அம்மாவுக்கு மூன்றாவது ரூம் வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர், ஆசைப்படாமல் இருப்பாரா?

நிலப் பட்டாவான கிரானில் நிலத்தின் வகை 'பாங்குனான்' (கட்டடம்) என்றே இருந்ததால் நில மாற்று வேலை மிச்சம். நேராகப் பிளான் வரைபவரிடம் போனோம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து எங்களையும் வெயிலில் நிறுத்திவிட்டார் அந்த அண்ணன். "வடக்கே முழுக்கக் கண்ணாடி போட்டுடலாம், அங்கே வெயில் வராது" என்றேன். ஏதோ ஒரு டில்லி வீட்டு வீடியோவில் கற்ற பாடம். சிரித்தார். "அது அங்கே தங்கச்சி. நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, 5 பாகைகூட முழுசா இல்ல. ஏப்ரல் தொடக்கத்துலேருந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் உச்சி வெயில் வடக்கே சாஞ்சுதான் விழும்."

அதனால் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் சுவருக்கு வெளியே கூரை நீளும் நாலடி இறவாரம். கிழக்கு, மேற்கு வெயில் தாழ வருவதால் இறவாரம் அதைத் தடுக்காது. அந்தச் சுவர்களின் நீளத்தைக் குறைத்து, மேற்கே குளியலறையையும் சாமான் அறையையும் தள்ளினார். வீடு கிழமேலாக நீண்டு ஒல்லியாகிவிட்டது. இந்தப் பக்கம் நுழையும் காற்று தடையில்லாமல் அந்தப் பக்கம் போகும்.

மூன்றாவது ரூம் ஆசையை அம்மா விடவில்லை. 1984 கட்டடத் துணைச் சட்டப்படி முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3க்கும், மூன்றாவது 6.5க்கும் குறையக் கூடாது. எங்கள் காசுக்கு மூன்றாவது அறை அல்லது இறவாரம், ஏதாவது ஒன்றுதான். கடைசியில் அஞ்சடித் திண்ணையை எட்டடியாக்கி, வடக்குப் பக்கம் கட்டில் போடும் அகலத்துக்கு வரைந்து காட்டியதும் அம்மா சமாதானமானார். வாய்விட்டுச் சரி என்று மட்டும் சொல்லவில்லை.

அனுமதி, அஸ்திவாரம், சுவர் எல்லாம் எல்லோரும் படும் பாடுதான். நான் கெடுத்த வேலையைச் சொல்கிறேன். பாட்டி முப்பது வருசம் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். அந்த நினைப்பில் திண்ணைக் கைப்பிடிக்குக் கித்தாப் பலகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். தச்சர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மழைச் சாரல் படும் இடம். மூன்றாம் மாதம் பலகை முழுக்கக் கரும்புள்ளி. அப்புறம் ஒருநாள் காலையில் தரையில் மாவு சிந்தியதுபோல வெள்ளைத் தூள். மேலே பார்த்தால் பலகையில் ஊசி குத்தினாற்போல ஓட்டைகள். வண்டு! மருந்தேற்றிய கித்தாப் பலகை வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு அருமையானது, வெளியே தாங்காது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இடித்த பழைய வீடொன்றிலிருந்து வந்த செங்கால் என்னும் கடின மரக் கட்டைகளை வாங்கினோம். எடை தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆணி இறங்க மறுக்கிறது. முதலில் துளை போட்டுத்தான் அடிக்க முடிந்தது.

கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் பீலி வேண்டாம் என்றது மட்டும் நான் எடுத்த நல்ல முடிவு. வருசத் தொடக்கத்தில் கித்தா இலை கொட்டும்போது பீலி இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். கூரைத் தண்ணீர் நேராகக் கீழே ஜல்லிக் கால்வாயில் விழுகிறது. தகரத்துக்கு அடியில் பஞ்சு போட்டும் கித்தாக் கொட்டை வெடித்து விழுந்தால் டங் என்று கேட்கிறது, போகட்டும்.

வேலை முடிந்ததும் பிளானில் கையெழுத்துப் போட்டவரே வீட்டில் குடியேறலாம் என்ற சான்றிதழான சி.சி.சி. தந்தார். 2007க்கு முன் கட்டியவர்கள் 'சி.எஃப்.' என்பார்கள், அதை அப்போது நகராண்மைக் கழகம் தந்தது. தாளை வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா திண்ணையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஜல்லிக்குள் புல் முளைக்க ஆரம்பித்திருந்தது.