உறைக்குள் ஃபோம் இல்லை

2011 மே மாதம் வந்த குடிசன மதிப்பீட்டுக் கடிதத்தை உடைத்த அம்மா, "உள்ளுக்கு ஒண்டும் இல்லையே, ஃபோம் எங்கை?" என்று உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். உண்மையிலேயே படிவம் இல்லைத்தான். ஓர் இணையத்தள முகவரி, ஒரு நீளமான இலக்கம், கடதாசியில்தான் நிரப்புவேன் என்று நிற்பவர்களுக்கு ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான்.

கனடாவில் நாடு முழுக்க இணையத்திலும் நிரப்பலாம் என்று முதலில் திறந்துவிட்டது 2006 இல். அந்த முறை படிவமும் கூடவே வந்ததால் நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வீடுகள்தான் இணையப் பக்கம் போயின. 2011 இல் அது 54 சதவீதம், 2016 இல் 68, 2021 இல் 84. எல்லோரும் கணினி பழகிவிட்டார்கள் என்று சொல்லலாம், அதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் 2006க்கும் 2011க்கும் நடுவில் நடந்த அந்தப் பாய்ச்சலுக்கு உறைக்குள் இருந்து கடதாசியை எடுத்துவிட்டதுதான் பெரிய காரணம் என்பேன். 2011 இல் பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் வெறும் கடிதம், பதில் இல்லையென்றால் ஞாபகக் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் படிவம், கடைசியில்தான் ஆள் வந்து கதவைத் தட்டும். எங்கள் சோம்பலை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்!

2016 இல் வேறு மாதிரி. சில வீடுகளுக்கு மட்டும் போகும் கூடுதல் கேள்விகள் கொண்ட நீண்ட படிவத்தை, முந்தின முறை விரும்பினால் நிரப்பலாம் என்று ஆக்கியிருந்ததை, மறுபடியும் கட்டாயமாக்கியிருந்தார்கள், சனம் ஆர்வத்தில் ஒரேயடியாக உள்ளே நுழைய, தளம் கொஞ்ச நேரம் மூச்சடைத்துப் போனது.

சரி, எனக்கு உறுத்துவது வேறு. கடதாசி என்றால் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் கிடக்கும், போகிற வருகிற எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். லெப்டொப்பில் ஒருவர் குந்தியிருந்து பத்து நிமிடத்தில் முழு வீட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறார். 2021 இல் அந்த ஒருவர் நான். மகனின் தாய்மொழி என்ற இடத்தில் கை ஆங்கிலத்துக்குத்தான் போனது. அம்மா பின்னால் நின்று என்ன கேள்வி என்று கேட்டார். சிறு வயதில் வீட்டில் முதலில் பழகி இப்பவும் விளங்குகிற மொழி எது என்று கேட்கிறார்கள், இவன் தமிழில் வாயே திறக்கிறான் இல்லையே என்றேன்.

"கதைக்கிறானோ எண்டு அவங்கள் கேக்கேல்லையே. சாப்பிட வா எண்டா வாறான்தானே, அப்ப விளங்குது."

தமிழ் என்றே போட்டேன். வீட்டில் கூடுதலாகப் பேசும் மொழி என்ற கேள்விக்கு அம்மாவிடமும் பதில் இருக்கவில்லை, அதில் ஆங்கிலம்தான்.

அம்மாவை யாழ்ப்பாணத்தில் கடைசியாகக் கணக்கெடுத்தது 1981 இல். 1991 இல் இலங்கையில் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001 இல் நடந்தபோது யாழ்ப்பாணத்தில் அது முழுமையாக நடக்கவில்லை, 2012 இல் முழுத் தீவையும் எண்ணியபோது அம்மா இங்கே இருந்தார். ஆள் வராமல் என்ன கணக்கு என்பதுதான் அவர் கேள்வி. அனுப்பியதும் திரையில் ஓர் உறுதி இலக்கம் வந்தது. அச்சடித்துத் தா என்றார், பிரிண்டரில் மை இல்லை. சமையலறைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதுவித்து, ஒவ்வொரு இலக்கமாகத் திரையோடு சரிபார்த்த பிறகுதான் லெப்டொப்பை மூடவிட்டார்.