கரப்பானில் தொடங்கிய சித்திரம்

"சிறுவர் புத்தகம் எழுதி, படமும் வரைய நீங்க எப்படிப் போனீங்க?" என்று சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் பழைய மாணவர் சங்கத்தில் டாக்டர்களுக்கும் கணக்காளர்களுக்கும் பஞ்சமில்லை. படம் வரைகிறவள் நான் ஒருத்திதான், அதனால் இந்த விசாரணை.

சித்திரப் பாடத்தில் தொடங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் காலத்தில் சித்திரத்துக்கு ஆசிரியரே இருக்கவில்லை. வீட்டில் தாளுக்கு மட்டும் குறைவில்லை. அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் வேலை செய்ததால், தோட்டத்து ஆபீசில் கழித்துப் போட்ட செக்ரோல் தாள்கள், அதாவது தொழிலாளர் பேர்ப் பதிவுத் தாள்கள், கிடைக்கும். ஒரு பக்கம் பேரும் கணக்கும், மறு பக்கம் வெள்ளை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் 10க்கு 12 அடிக் காம்பராவில் அத்தனை பேருக்கு நடுவே எங்கே வரைவது? இஸ்தோப்பு என்கிற முன் திண்ணைதான்.

நிறைய வரைந்தது காமன் கூத்தைத்தான், மன்மதன் எரிந்த கதையைத் தோட்டத்தில் ஆடும் கூத்து. மாசியில் காமன் கம்பம் ஊன்றியது முதல் தகனம் வரைக்கும் லயமே தூங்காது. ரதியையும் மன்மதனையும் எல்லாப் பிள்ளைகளும் வரைவார்கள். எனக்குப் பிடித்தது விடியற்காலம். முகச் சாயம் பாதி அழிந்த எமன், பாசக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சாயத் தண்ணி குடிப்பார். "எமன் தேத்தண்ணி குடிப்பாராடி?" என்று அம்மா சிரித்தார். குடித்தாரே, நான் பார்த்தேன். அந்த எமன் இப்போது என் புத்தகம் ஒன்றில் 14ஆம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் கையைப் பழக்கியது உயர்தர வகுப்பில் வந்த விலங்கியல் சேர். பெயரைப் போட்டால் கோபிப்பார். செய்முறைக் கொப்பியில் நிழல் தீட்டக் கூடாது, கோடு விட்டு விட்டு ஓடக் கூடாது, ஒரே கோடு, அதுவும் சீவிய பென்சிலில். கரப்பானின் கால் மூட்டை நான் அழகுக்காக வளைத்திருந்தேன். "இது உன்ட கரப்பானா, கடவுள் படைச்ச கரப்பானா?" என்று கேட்டு, திரும்பப் பார்த்து வரையச் சொன்னார். அழகாக்காமல் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. ஆய்வுகூடத்தில் சுவர்ப்படங்கள் இல்லை. ஒரு நாள் மட்டையும் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையும் தந்து, தவளையின் குருதிச் சுற்றோட்டத்தைப் பெரிதாக வரையச் சொன்னார். கீழ் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. மற்றதெல்லாம் கிறுக்கல்.

இலங்கையின் சிறுவர் புத்தக எழுத்தாளரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்கவின் கதையைப் பிறகு படித்தபோது இந்தச் சேர்தான் ஞாபகத்துக்கு வந்தார். காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் 1927இல் பிறந்தவர் சிபில். பள்ளி மாணவியாக இருக்கும்போதே எச்.டி.சுகதபால என்ற தலைமையாசிரியர் தன் வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் வரையும் பொறுப்பைக் கொடுத்தார். அதற்கு அப்புறம்தான் பத்திரிகை, சொந்தப் புத்தகங்கள், புகழ் எல்லாம். ஒரு பெரியவர் பாராட்டியிருந்தால் மட்டும் அது நடந்திருக்குமா? அச்சுக்குப் போகிற வேலையை ஒரு சிறுமியை நம்பிக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் விஷயம்.

மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. கல்யாணம், லண்டன், பெட்ரோல் செட்டில் இரவு வேலை. எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சித் தாள் வரைந்து கொடுத்தேன். மகளுக்காக நூலகத்திலிருந்து படப்புத்தகங்களை அள்ளி வந்து, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் 32 பக்கம். தாளின் இரு புறமும் அச்சடித்து மடித்து வெட்டினால் 16, அப்படி இரண்டு. அதற்குள் கதை முடிய வேண்டும். படம் சொல்வதை எழுத்து திரும்பச் சொல்லக் கூடாது. எனக்குக் கஷ்டமாக இருந்தது வரைவதல்ல, எழுதியதை வெட்டுவதுதான்.

முதலில் பார்த்த பதிப்பகம் ஒன்றில், தேயிலைத் தோட்டம் என்றதும் யானையும் தென்னையும் போடச் சொன்னார்கள். கொழுந்து எடுக்கிற பெண்களின் கூடைக்குத் தோள்பட்டி வைத்து ஒரு மாதிரிப் படமும் காட்டினார்கள். கூடைக் கயிறு தலையில் கிடக்கும், இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணி கட்டியிருப்பார்கள், கவ்வாத்து வெட்டாவிட்டால், அதாவது கிளைகளை வெட்டிக் குட்டையாக்காவிட்டால், தேயிலை மரமாகிவிடும் என்று விளக்கினேன். "பிள்ளைகளுக்கு அது எதற்கு?" என்றார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். வேறு ஒரு பதிப்பாளர் அப்படியே போட்டார்.

வருமானம் எப்படி என்று சங்கக் கூட்டத்தில் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்பவர்களுக்கு: இங்கே பிரிட்டனில் நூலகத்தில் ஒருவர் என் புத்தகத்தை இரவல் எடுத்தால் சில பென்ஸ் எனக்கு வரும். எழுதியவருக்கு மட்டுமல்ல, வரைந்தவருக்கும் உண்டு. வீடு வாங்க முடியாது, மை வாங்கலாம்.

சங்கம் இம்முறை நம் பள்ளி ஆய்வுகூடத்துக்குப் பணம் சேர்க்கிறதாம், பட்டியலில் அச்சடித்த சுவர்ப்படங்களும் இருக்கின்றன. நானும் காசு தருகிறேன். தவளைப் படத்தை மட்டும் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு மட்டையும் இந்தியன் இங்கும் அனுப்புங்கள், யாராவது ஒரு பிள்ளை வரையட்டும்.