கம்மல் ஒரு ஜோடி, வரவு

திருவனந்தபுரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஆபீசில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். வீடு களியக்காவிளையில். தினமும் பாறசாலை போய் பாசஞ்சர் ரயில் பிடிப்பேன். சபையில் என்ன ஆபீஸ் என்று கேட்டுப் பலர் சிரித்திருக்கிறார்கள். சம்பளப் பட்டியல், கரண்ட் பில், தசமபாக (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) ரசீது, ஆடிட்டர் எல்லாம் அங்கேயும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கிடையாது.

பொன்விழா மலர் போட முடிவானதும், "சபை வரலாறு நாலு பக்கம் நீயே எழுது. உனக்குத்தான் தமிழ் வாசிக்கத் தெரியும்" என்றார் பாஸ்டர். தமிழ் எதற்கு என்று இரும்பு அலமாரியைத் திறந்த பிறகுதான் புரிந்தது. முதல் பதினொரு வருடக் கணக்கும் தமிழில் இருந்தது. அப்புறம் கொஞ்ச காலம் வரவு தமிழில், செலவு மலையாளத்தில். பிறகு முழுக்க மலையாளம். கம்ப்யூட்டர் வந்ததும் ஆங்கிலம்.

கேரளப் பெந்தெகொஸ்தே என்றாலே கும்பநாடு, முளக்குழா, புனலூர் என்ற ஊர்களைச் சுற்றித்தான் பேச்சு போகும். முன்னோடிப் போதகர் கே.இ. ஆபிரகாம், 1913-இல் இந்தியா வந்த அமெரிக்க மிஷனரி ராபர்ட் குக், 1927-இல் தொடங்கிய புனலூர் வேதாகமப் பள்ளி. நியாயம்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் 1906-இல் பெந்தெகொஸ்தே எழுப்புதல் வந்ததையும் எந்த மலரிலும் விடமாட்டார்கள். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய கூட்டங்களில் 1860-லேயே பெந்தெகொஸ்தேயின் அடையாளமான அந்நிய பாஷை (ஆவியில் நிறைந்து, தெரியாத மொழியில் பேசுவது) பேசியிருக்கிறார்கள். அந்த அனல் திருவிதாங்கூருக்கும் வந்தது. இங்கிருந்தும் ஆள் போயிருக்கிறது. கேரளத்தில் பிறந்த ராமன்குட்டிதான் பாஸ்டர் பால் ஆகி, சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். அதன் தலைமையிடம் இன்று தாம்பரம் பக்கத்து இரும்புலியூர்.

எங்கள் சபை இந்தப் பெரிய கதையில் எங்கும் வராது. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு (பெரிய சந்தை) சுமை தூக்க வந்த கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாக்காரர்கள், ஒருவர் வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டு ஜெபித்ததில் தொடங்கியது. பழைய நோட்டில் செலவைப் படித்தால் பந்தலே கண்முன் வரும்: ஓலை, மண்ணெண்ணெய், பெட்ரோமாக்ஸ் மேண்டில், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சிக்கு அரிசி, நெய்யாற்றில் ஞானஸ்நானம் கொடுக்கப் போன வேன் வாடகை. வரவுப் பக்கத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: 'கம்மல் ஒரு ஜோடி, விற்ற வகையில்'. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும் பெண்கள் நகையைக் கழற்றிச் சபைக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளை உடுப்பும் மூளிக் காதும்தான் அன்றைக்கு அடையாளம். பஸ்ஸில் ஏறினாலே இன்ன கூட்டம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

கல்ஃப் பணம் வந்ததும் ஓலை ஓடாகி, ஓடு கான்கிரீட் ஆனது. டெக்னோபார்க் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வந்ததும் ஆங்கில ஆராதனை. போர்டில் இருந்து 'பெந்தெகொஸ்தே' என்ற சொல் போனது நான் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு. புது போர்டுக்கான பில் ஃபைலில் இருக்கிறது. நான் எழுதிய செலவுகள் எல்ஈடி திரை, கேமரா லென்ஸ், ஒரு தடவை புகை மெஷின் வாடகை. (அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அரைநாள் யோசித்தேன்.) ஆற்றுக்குப் பதில் மேடைக்கு அடியில் டைல்ஸ் போட்ட தொட்டி. தமிழ் ஆராதனை ஞாயிறு மதியம் 2 மணிக்கு, பின்ஹாலில்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் தயாரில்லை. ஓலைப் பந்தல் காலத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதே அவிசுவாசம். அதில் யார் யார் என்ன பட்டார்கள் என்பதற்கு நோட்டில் பத்தி கிடையாது. இன்று கம்மல் போட்ட பெண் மேடையில் நின்று பாடுகிறாள், நன்றாகவே பாடுகிறாள்.

நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கமிட்டி ஒரு பத்தியாக்கியது: 'எளிய தொடக்கம்'. கம்மல் வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். "இப்போ நகை போடுறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்." கஞ்சியும் போனது, சுமை தூக்கியவர்களும் போனார்கள். சம்பளக்காரன் நான், வாதாடவில்லை.

மதிய ஆராதனைக்கு வரும் அம்மச்சி ஒருத்தி உண்டு. வயது எண்பதுக்கு மேல். காதில் ஓட்டை தூர்ந்துபோய்ப் புள்ளியாக இருக்கும். அவள் பேர் நோட்டில் இருந்தது. ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடி எடுத்துவரவில்லை, வாசித்துச் சொல் என்றாள்.

"கம்மல் ஒரு ஜோடி, 3 கிராம், விற்ற வகையில் 145 ரூபாய்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நூத்தம்பதுண்ணுல்லா மக்களே தட்டான் சொன்னான்?"